பழைய கேசட்டும் எமுலேட்டரும்

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு கேசட் கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் "எழுத்து, 2 தடவை" என்று எழுதியிருந்தது. ஏதோ சினிமாப் பாட்டு என்று நினைத்து என் மனைவி குப்பையில் போட இருந்தாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன். அதில் பாட்டு இல்லை, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கிறது என்று சொன்னதும் பேரன் சிரித்தான். டேப்பில் எப்படித் தாத்தா புரோகிராம் இருக்கும்?

இருக்கும். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கி, பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏக்கார்ன் கம்பெனி வடிவமைத்த மெஷின். மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது காணாது. எங்கள் பள்ளிக்கும் சில வந்தன. கணக்கு வாத்தியார் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏ.சி. போட்ட ஒரே அறை அதுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவது போலப் போவோம். புரோகிராமை டேப் ரெக்கார்டரில்தான் பதிவு செய்வோம். 1200 ஹெர்ட்ஸ் ஒலி ஓர் அலை வந்தால் பூஜ்யம், 2400 ஹெர்ட்ஸ் இரண்டு அலை வந்தால் ஒன்று. காதுக்கு வெறும் கீச்சொலி.

அந்த அறைக்குள் தானாக வந்த ஒரே மூத்த ஆசிரியர் எங்கள் தமிழையா. அப்போது அவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. திரையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்குத் தமிழ் தெரியுமா தம்பி?"

தெரியாது. ஆனால் கற்றுக்கொடுக்கலாம். வி.டி.யு. 23 என்ற கட்டளையில் நமக்கு வேண்டிய எழுத்தை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் வரைந்து கொடுக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் 128, 64, 32 என்று கூட்டி ஓர் எண். எட்டு வரிக்கு எட்டு எண். இதைச் சொன்ன மறுநாளே ஐயா ஒரு கிராப் நோட்டோடு வந்தார். ணகரத்தை எட்டுக் கட்டத்தில் அடக்கப் பார்த்து, "இடுப்பை ஒடிச்சா உள்ளே போகுது, ஒடிக்க மனசு வரலை" என்றார். ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று முடிவு செய்தோம். ஆனால் மெஷின் சாதாரணமாகக் கொடுப்பது 32 கட்டங்கள்தான். அப்படியானால் பதினாறு எழுத்து. பதினாறு எழுத்தில் என்ன எழுத முடியும்? ஐயா ஒரு வாரம் யோசித்தார். வணக்கம், தமிழ், எங்கள் பள்ளி. எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று எழுத்துகள், 26 கட்டங்கள். மிச்சத்தில் ஆய்த எழுத்தையும் சேர்க்கச் சொன்னார். "பாவம், அதை யாரும் சீந்துறதில்லை." அது மூன்று புள்ளிதானே, ஒரே கட்டத்தில் அடங்கிவிட்டது.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரவேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். நடுவில் தாமதத்துக்கு, சும்மா ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போகும் ஒரு சுற்று வைத்தேன். "இன்னும் கொஞ்சம் நிதானம் தம்பி, பிள்ளைங்க வாய்விட்டுச் சொல்ல நேரம் வேணும்" என்று அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார்.

1987 ஆண்டு விழாக் கண்காட்சியில் அதைக் காட்டுவதாக ஏற்பாடு. கணினியை ஹாலுக்குத் தூக்கிப் போனோம். தலைமையாசிரியர், பெற்றோர்கள், புது வேட்டியில் தமிழையா. லோடு செய்தேன். மூன்றாவது பிளாக்கில் 'டேட்டா?' என்று வந்தது, கீழே 'ரீவைண்ட் டேப்'. மறுபடியும் அதே. இரண்டாவது பதிவையும் முயன்றேன், அதுவும் அப்படியே. கேசட் முந்தின நாள் ஐயா வீட்டில் இருந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். டி.வி. மேலே என்றார். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "அப்போ காந்தம் பட்டு அழிஞ்சுபோச்சு. உங்களிடம் கொடுத்தது என் தப்பு." ஐயா ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு அவர் அந்த அறைக்கு வரவே இல்லை. அழிந்ததுதானே என்று நானும் கேசட்டை மறுபடி தொடவில்லை. பிறகு அவர் ஓய்வு பெற்றார், கொஞ்ச வருடத்தில் காலமானார்.

இனி எமுலேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். எமுலேட்டர் என்பது பழைய மெஷினைப் போலவே வேஷம் கட்டி ஆடும் மென்பொருள். உங்களிடம் இருந்தது ஸ்பெக்ட்ரம் என்றால் ஃபியூஸ், கொமடோர் 64 என்றால் வைஸ் என்று தேடுங்கள், எல்லாம் இலவசம். பி.பி.சி. மைக்ரோவுக்குப் பீப்எம், பி-எம், பிரவுசரிலேயே ஓடும் ஜே.எஸ்.பீப் என்று பல இருக்கின்றன.

நான் முதலில் எடுத்தது எமுலேட்டரே இல்லை. அதே பேசிக் மொழியை இன்றைய கணினியில் ஓட்டும் ஒரு மென்பொருள். நினைவிலிருந்து நாலு வரி தட்டிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் என் தாமதச் சுற்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. எழுத்துகள் ஒட்டுமொத்தமாக வந்து விழுந்தன. ஐயாவின் நிதானம் போய்விட்டால் அது ஐயாவின் புரோகிராம் இல்லை. அந்த 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தையும் அப்படியே நடிக்கிற எமுலேட்டர்தான் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜே.எஸ்.பீப்பைத் திறந்தேன். நிறுவ வேண்டிய வேலை எதுவும் இல்லை. 'பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து வந்து, அந்தப் பழைய 'பீப்' கேட்டதும் அனிச்சையாகக் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

விசைப்பலகைதான் கொஞ்சம் படுத்தும். அந்த மெஷினில் மேற்கோள் குறி ஷிஃப்டும் 2-ம். நட்சத்திரக் குறி முக்காற்புள்ளி விசையின் மேலே. பிரேக் விசைக்கு எஃப் 12. இரண்டு நாளில் விரல் பழகிவிடும்.

அடுத்தது கேசட். பழைய வாக்மேன் ஒன்றுக்கு பெல்ட் மாற்றி வாங்கினேன். மடிக்கணினியில் ஒலி உள்ளே போகத் தனித் துளை இல்லாததால் யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன சவுண்டு கார்டு ஒன்று. ஆடாசிட்டியில் பதிவு செய்து வேவ் கோப்பாக்கி, அதை யு.இ.எஃப். என்ற வடிவத்துக்கு மாற்றினால் எமுலேட்டர் அதைக் கேசட்டாக எடுத்துக்கொள்ளும். இரைச்சல் குறைக்கும் வசதி எதையும் போடாதீர்கள், அலையின் வடிவமே கெட்டுவிடும்.

முதல் தடவை மாற்றியபோது மூன்றாவது பிளாக்கில் பிழை. அன்று நின்ற அதே இடம். டி.வி. மேல் வைத்தால் இப்படித்தான் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். அது உண்மை.

பேரன்தான் தன் போனில் தேடிப் பார்த்து, "தாத்தா, ஹெட் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்காம்" என்றான். டேப்பைத் தொடும் ஹெட் இம்மி சாய்ந்திருந்தாலும் கீச்சொலி மழுங்கிவிடும். பதிவு செய்த ரெக்கார்டரின் சாய்வும் படிக்கும் ரெக்கார்டரின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் டேப் ஓடும்போதே கால் சுற்று திருப்பினேன். போர்வைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்த ஒலி சட்டென்று கூர்மையானது. மறுபடி பதிவு செய்தேன். 00 முதல் 07 வரை எல்லாப் பிளாக்கும் சுத்தம். இரண்டு பதிவிலும் ஒரு பைட் கூட அழியவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்காட்சி அன்று லேப் ரெக்கார்டரின் வயர் ஹாலில் எட்டவில்லை என்று, ஆபீஸ் அறையில் இருந்த வேறு ரெக்கார்டரை எடுத்துவந்தவன் நான்.

புரோகிராமை ஓட்டினேன். வ. கொஞ்சம் இடைவெளி. ண, இடுப்பு ஒடியாமல். கடைசியில் அந்த ஆய்தம். பேரன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தான், நேரம் சரியாக இருந்தது.

தமிழையாவின் மகன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவருக்கே அறுபதைத் தாண்டிவிட்டது. கேசட் கெடவில்லை, தப்பு என்னுடையது, அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்பா வீட்டில் இதைப் பற்றி ஒண்ணுமே சொன்னதில்லையே சார்" என்றார். பிறகு, "ஆனா ஒரு கிராப் நோட்டு இருக்கு. கோலம்னு நினைச்சு அம்மா வச்சிருந்தாங்க."

கோப்பை அவருக்கு அனுப்பிவிட்டேன். நோட்டைப் பார்க்க வரும் ஞாயிறு போகிறேன்.