ஸ்டார்ட் ஆகாத பேக்கப்

"அண்ணா, என் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தெரியாம அழிச்சிட்டேன். பேக்கப்ல இருக்கும்ல?"

"இருக்கும்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டுத்தான் லேப் அண்ணன் சர்வர் முன்னால் உட்கார்ந்தார். பேக்கப் சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. அதன் சர்வீஸ் நின்றுபோயிருந்தது. 'ஸ்டார்ட்' அழுத்தினார். பிழைச் செய்தி. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே செய்தி.

ஈவென்ட் வியூவரில் பார்த்தால், 11 நாளைக்கு முன்னால் விண்டோஸ் அப்டேட் வந்து சர்வர் ரீஸ்டார்ட் ஆன இரவிலிருந்தே இந்தக் கதைதான். அப்புறம் என்ன, பழி அப்டேட் மேல் விழுந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

நல்லவேளை, செய்தியில் இருந்த எண்ணைப் படித்தார். (பாதிப் பேர் அதைப் படிக்காமலேயே 'ஓகே' அழுத்துகிறவர்கள்.) 1053 என்றால் சர்வீஸ் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை, வழக்கமாக விண்டோஸ் 30 விநாடிதான் காத்திருக்கும். 1068 என்றால் அது நம்பியிருக்கும் வேறொரு சர்வீஸ் எழவில்லை. இங்கே வந்தது 1069. லாகின் தோல்வி. சாஃப்ட்வேர் கெடவே இல்லை, வாசலிலேயே அதை நிறுத்திவிட்டார்கள்!

ஒவ்வொரு சர்வீஸும் ஏதாவது ஒரு கணக்கின் பெயரில்தான் ஓடும். இதற்கு யாரோ அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையே கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மூன்று வாரத்துக்கு முன் மாற்றியது வேறு யாருமில்லை, அண்ணனேதான். சர்வீஸிடம் இருந்ததோ பழைய பாஸ்வேர்ட்.

அப்படியானால் மாற்றிய பிறகும் பத்து நாள் ஒழுங்காக ஓடியதே? அங்கேதான் ஏமாந்துபோகிறோம். சர்வீஸ் தொடங்கும்போதுதான் விண்டோஸ் அந்த பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். ஏற்கெனவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிடாது. ரீஸ்டார்ட் ஆனபோதுதான் குட்டு உடைந்தது. பாவம், அப்டேட் வெறும் சாட்சி.

'லாக் ஆன்' பக்கத்தில் புதிய பாஸ்வேர்டை இரண்டு தடவை அடித்தார். ஸ்டார்ட். ஓடியது. இரண்டே நிமிடம்.

ஆனால் 11 நாளாக ஒருத்தருக்கும் தெரியாமல் போனது எப்படி? பேக்கப் தோற்றால் மெயில் வரும் ஏற்பாடு இருந்தது. அது போய்க்கொண்டிருந்தது வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு. பெரிய இடங்களிலும் இதே கூத்து உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, தினசரி பேக்கப் வேலை செய்யாமலே இருந்தது தெரியவந்தது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்கள் ஏற்கப்படாமல் திரும்பியிருந்தன. சுமார் ஆறு மணி நேரத் தகவல்கள் போயின.

ஃபோல்டர் திரும்பக் கிடைத்தது, 11 நாள் பழசாக. ரிவ்யூவுக்கு ஆறு நாள் இருந்தது. "பரவால்லண்ணா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மூலை மெஷினில் உட்கார்ந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். அண்ணன் ஒன்றும் பேசாமல் மெயில் முகவரியை மாற்றிக்கொண்டிருந்தார்.