பீடத்தின் கீழிருந்து ஒரு கேள்வி

பிரசங்கம் செய்கிறவர் பீடத்தில் ஏறும் முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார். எந்த வசனத்தில் தொடங்கி எந்த வசனத்தில் நிறுத்துவது என்று தீர்மானித்த அந்த நிமிடமே அவர் பொருள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சி.எஸ்.ஐ. போதகருக்கு அந்தந்த ஞாயிறுக்குரிய பாடங்களைச் சபை நாட்காட்டியான அல்மனாக் குறித்துக் கொடுத்துவிடுகிறது. கத்தோலிக்கக் குருவுக்கு வாசக நூல் உண்டு. பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஜெபித்துத் தாமே தேர்ந்துகொள்கிறார். மூன்று இடத்திலும் ஏதோ ஒன்று விடுபடத்தான் செய்கிறது. 137ஆம் சங்கீதத்தின் பாபிலோன் ஆற்றங்கரை அழுகையைப் பற்றிப் பிரசங்கித்தவர்கள் ஏராளம். குழந்தைகளைக் கல்லில் மோதும் அதன் கடைசி வசனத்தைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருத்தப்பட்ட கத்தோலிக்கத் தினசரி ஜெபநூலான திருப்புகழ்மாலையிலோ 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களுக்கு இடமே இல்லை. சாபம் மிகுந்தவை என்பதால் விடப்பட்டவை அவை.

“வேதத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், என் கருத்து எதுவும் இதில் இல்லை” என்று மேடையில் முழங்குகிறவரை, இந்த வேலை தெரிந்தவர்கள் லேசான சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அப்படியானால் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு? இந்தச் சண்டையில் இரு தரப்பும் விரும்பி எடுக்கும் இடம் ஒன்று உண்டு: அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். ‘விளங்குகிறதா?’ என்று கேட்கிறார் பிலிப்பு. வழிகாட்ட ஆள் இல்லாமல் எப்படி விளங்கும் என்கிறார் மந்திரி. கத்தோலிக்கர் இதைக் காட்டி, வேதத்தை விளக்கத் திருச்சபை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்பார்கள். சீர்திருத்த சபையார் இரண்டு அதிகாரம் பின்னால் போவார்கள். இந்தப் பிலிப்பு பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவரல்ல. பந்தி விசாரிப்புக்காக நியமிக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர். சாப்பாட்டு மேஜையைக் கவனிக்க வந்தவர் வேதத்தை விளக்கியிருக்கிறாரே என்பது அவர்கள் வாதம். இரண்டு வாதத்துக்கும் கனம் உண்டு. ஆனால் இருவரும் வேகமாகக் கடந்துவிடும் வரி ஒன்று அங்கே இருக்கிறது. தீர்க்கதரிசி தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று மந்திரி திருப்பிக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் பிலிப்பு வாய் திறக்கிறார். கேள்வியிலிருந்து பிறந்த பிரசங்கம் அது.

கேட்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1525இன் ஜெர்மனி போதும். அதற்கு நான்கு ஆண்டு முன்பு வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்ற லூத்தர், போப்பும் சங்கங்களும் தவறக்கூடும், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தம்மை மறுத்தால் மட்டுமே பின்வாங்குவேன் என்றார். மறு வருடமே புதிய ஏற்பாடு அவர் கையால் ஜெர்மன் மொழியில் வந்தது. குடியானவர்கள் வாசித்தார்கள். மெம்மிங்கன் நகரில் தோலாடைத் தொழிலாளியான செபாஸ்தியான் லோட்சரும், ஷாப்பெலர் என்ற பிரசங்கியும் சேர்ந்து அவர்கள் சார்பில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஓரமெல்லாம் வேத ஆதாரக் குறிப்புகள். போதகரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் சபைக்கு உரிமை வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கிறிஸ்து எல்லாரையும் தம் இரத்தத்தால் மீட்டிருக்க நாங்கள் எப்படிப் பண்ணையடிமைகள் ஆவோம் என்பது மூன்றாவது. கடைசிக் கோரிக்கைதான் ஆச்சரியம்: இவற்றில் எது வேதத்துக்கு முரண் என்று காட்டினாலும் அதைக் கைவிடுகிறோம் என்றார்கள். வோர்ம்ஸில் லூத்தர் பேசிய அதே பேச்சு!

லூத்தர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார், குடியானவர்களையும் கண்டித்தார். ஆவிக்குரிய விடுதலையைச் சரீர விடுதலையாக்குகிறீர்கள் என்றார். குடியானவர் கலகம் முற்றியதும் அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். ஒரு லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். வேதம் வாசிக்க எல்லாருக்கும் வாசல் திறந்தவர், உள்ளே வந்தவர்கள் வேறு அறைக்குப் போனதும் கதவைச் சாத்தினார். அவருடைய பெருமையைப் பேசும் சீர்திருத்தத் திருநாள் பிரசங்கங்களில் இந்த அத்தியாயம் வருவது அரிது.

இங்கிலாந்தில் கதவுக்குப் பூட்டே போட்டார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1543இல், ஒரு சட்டம் வந்தது. கைவினைஞர், தொழில் பழகுவோர், வேலைக்காரர், உழவர், கூலிக்காரர் யாரும் ஆங்கில வேதாகமத்தை வாசிக்கக் கூடாது. பெண்களும் கூடாது; மேட்டுக்குடிப் பெண்கள் மட்டும் தனியாக வாசித்துக்கொள்ளலாம். மூன்றாண்டு கழித்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெந்து சங்கம், தாய்த் திருச்சபை கொண்டிருக்கும் பொருளுக்கு மாறாக எவரும் தம் சொந்த யோசனையை நம்பி வேதத்தைத் திரிக்கக் கூடாது என்று விதித்தது. கத்தோலிக்கர் பக்கம் ஒரு வலுவான கேள்வி உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் வேதாகமத்துக்குள் இல்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களையும் பட்டியலிட்டது 367இல் அத்தனாசியு ஆயர் எழுதிய கடிதம். லூத்தரே 1522 பதிப்பில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் எண் போடாமல் கடைசியில் தள்ளினாரே!

நம் பக்கத்தில் இந்த வழக்கு திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் நடந்தது. அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை மிஷன் பள்ளியில் படித்து மிஷன் ஊழியத்தில் இருந்தவர். மிஷனரியோடு மோதி வேலையை இழந்தார். 1849இல் மற்றொரு மிஷனரியான கால்டுவெல் எழுதிய சாணார் பற்றிய நூலில் தம் மக்கள் இழிவுபடுத்தப்பட்டதாகக் கொதித்தார். ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. வேதம் ஒன்றே அதிகாரம் என்று மிஷனரி கற்பித்த விதியைக் கையிலெடுத்து மிஷனரியையே சோதித்தார். பத்துக் கட்டளையில் ஓய்வுநாள் ஏழாம் நாளாக இருக்க, ஞாயிறு எங்கிருந்து வந்தது? பழைய ஏற்பாட்டில் தூபம் இருக்க, கோவிலில் ஏன் இல்லை? 1857இல் ‘இந்து’ என்ற சொல்லைச் சேர்த்தே ஒரு சபைக்குப் பெயர் வைத்தார். சனிக்கிழமை ஆராதனை, தூபம், மோசேயின் பண்டிகைகள், வெள்ளைக்காரப் போதகர் இல்லாத சபை. பிரகாசபுரம் அதன் மையமானது.

சட்டாம்பிள்ளையின் வாசிப்பில் ஓட்டை இல்லையா? உண்டு. ஓய்வுநாளையும் மாதப்பிறப்பையும் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்ற கருத்தில் கொலோசெயருக்குப் பவுல் எழுதியதை எவரும் அவருக்குக் காட்டியிருக்கலாம். ஒத்துவாக்கிய வேதாகமத்தைப் புரட்டிப் பழகிய உபதேசியாருக்குக்கூட அந்த இடம் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு சமமாக உட்கார்ந்து நடக்க வேண்டியது. சம்பளம் கொடுப்பவரும் நியமனம் தருபவரும் ஒரு பக்கம், ஊழியர் மறுபக்கம் என்றிருக்கும் இடத்தில் வசனத்துக்கு வசனம் பேசுவது கீழ்ப்படியாமையாகத்தான் எண்ணப்படும். தரங்கம்பாடி மிஷன் 1706இல் தொடங்கியும் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733இல்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பெண்கள் கதை இன்னும் நேரடியானது. கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் புருஷனிடம் கேட்கட்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைக் காட்டியே அவர்களை நெடுங்காலம் உட்கார வைத்தார்கள். அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் முன்னால் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாகப் பேசிப் போகிறார். சி.எஸ்.ஐ. முதல் பெண் குருவை அபிஷேகம் செய்தது 1976இல். முதல் பெண் பேராயர் புஷ்பா லலிதா 2013இல் வந்தார். வசனம் மாறவில்லை. எந்த வசனத்தை முன்னே வைப்பது என்பது மாறியது.

போதகருக்குப் பட்டம் தேவையில்லை என்று சொல்வதற்கில்லை. எபிரெயமும் கிரேக்கமும் படித்தவர், படிக்காதவர் காணாததைக் காண்கிறார். ஆனால் செமினரிப் பட்டம் கேள்வியிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. 1965இல் வத்திக்கான் சங்கம்கூட, போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்று எழுதி வைத்திருக்கிறது. நம் ஆலயங்களிலோ பிரசங்கம் முடிந்ததும் பாட்டு, காணிக்கை, ஆசீர்வாதம், வீடு. கேட்க இடமே இல்லை. ஆராதனை முடிந்தபின் அரை மணி நேரம் பீடத்திலிருந்து இறங்கி, வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் இருக்கும் பாட்டியோ பையனோ கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், ஐயா. பதில் தெரியாவிட்டால் அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு மறக்காமல் சொல்லுங்கள்.