காய்ச்சலைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்



என் அக்காவைப் பற்றி நிறையப் பேர் விசாரித்தீர்கள். இப்போது நலமாக இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ரிஷிவந்தியத்தில் வீட்டில் இருந்தபோது மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி. நான்காம் நாள் காலையில் பேச்சு குழறியது. தண்ணீர் கேட்க நினைத்து "சாவி எடு" என்றார். பார்த்தவர்கள் எல்லாரும், "பக்கவாதம்தான், எண்ணெய் வைத்தியத்துக்குக் கொண்டு போங்க" என்றார்கள். நானும் அரை மனதாகத் தலையாட்டினேன். அக்கா மகன்தான் யார் பேச்சையும் கேட்காமல் வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு விட்டான்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்றதும் எங்களுக்கு நிம்மதி. டாக்டருக்கு இல்லை. "இதுக்கு முன்னாடி காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார். பதற்றத்தில் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அவர் விளக்கியதை வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். மூளையின் ரத்தக் குழாய்கள் ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் மாதிரி. ஒரு வாய்க்கால் அடைத்தால் அது பாயும் வயல்தான் காயும். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில், படத்தில் தெரியும் பாதிப்பும் பெரும்பாலும் அப்படி ஒரு குழாயின் எல்லைக்குள் நிற்கும். வைரஸ் மூளைக்காய்ச்சல் அந்த எல்லையைப் பார்க்காது. ஹெர்பிஸ் வைரஸ் என்றால் பெரும்பாலும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதி வீங்கும். இந்தியாவில் 1955இல் வேலூர்ப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால், நடு மூளையை ஒட்டிய தலாமஸ் பெரும்பாலும் இருபுறமும் பாதிக்கப்படும்.

அக்காவுக்கு இடது பொட்டுப் பக்கம் வீக்கம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திராமல் அன்றே அசைக்ளோவிர் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஹெர்பிஸ்தான் என்று பிறகு உறுதியானது.

பக்கவாதமாகவே இருந்தாலும், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எண்ணெய்க்குப் போயிருந்தால் இரண்டில் எதுவாக இருந்தாலும் நேரத்தை இழந்திருப்போம்.

அதனால் யாருக்காவது திடீரென்று பேச்சு குழறினால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததா என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை.

அக்காவுக்கு இன்னும் சில பெயர்கள் சட்டென்று வருவதில்லை. நேற்று என்னைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்றார். அது போதும் எனக்கு.