அதே அளவு எழுத்தில்

பத்தாம் வகுப்பில் நாங்கள் நடத்திய பத்திரிகைக்கு அச்சகம் கிடையாது. ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா. ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. மாதம் இருமுறை பள்ளி வராந்தாச் சுவரில் ஏறும். திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய ‘முசல்மான்’ உருது நாளிதழையும் கையால்தான் எழுதுகிறார்கள் என்று தமிழ் சார் சொன்னதில் எங்களுக்குக் கொஞ்சம் கெத்து.

பெயர் ‘முகத்துவாரம்’. பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? ஏரி கடலோடு சேரும் அந்த வாயை மணல் அடைத்துக்கொண்டால் இறால் குஞ்சு உள்ளே வராது. வீட்டில் அன்றாடப் பேச்சே அதுதான்.

முதல் இதழ் முழுக்க டச்சுக்காரர்கள். 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு, எல்லாம் புத்தகத்தில் சுட்டது. சார் படித்துவிட்டு, “இது நானூறு வருஷத்துச் செய்தி. நேத்து என்னடா நடந்துச்சு?” என்றார்.

நேற்று நடந்தது பாடு. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிற பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பத்துக்காரர்களுக்கு அது சோறு. அடுத்த முறை எந்தக் குப்பத்துக்கு என்று இரண்டாம் இதழில் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் போட்டேன். குப்பத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். அப்பா சாப்பிடும்போது சரியாகத்தான் சொன்னார். என் கவனம் மடவைக் குழம்பில் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

“யாரைக் கேட்டு எழுதுன தம்பி?”

“அப்பா சொன்னாரு, தாத்தா.”

“ஊர்ல கேக்க வேற ஆளே இல்லியா?”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தணிந்த குரலில் கேட்டார். முறைத் தகராறு கைகலப்பில் முடியக்கூடிய ஊர் அது. அங்கேயே, அவர் கண்ணெதிரில், சார்ட்டின் அடி மூலையில் எறும்பு எழுத்தில் திருத்தம் எழுதினேன். குனிந்து பார்த்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பெருசு எது, சிறுசு எதுன்னு தெரியும்.”

அடுத்த இதழில் அதே இடத்தில், அதே சிவப்பு மையில், அதே கொட்டை எழுத்தில் திருத்தம் வந்தது. பிறகு மூன்று நாளிதழ்களில் வேலை பார்த்துவிட்டேன். ஒன்றில்கூடத் திருத்தம் அந்த அளவில் வந்ததில்லை.