பாரம் அறிந்து ஏற்றுதல்

1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயாலும் ஓடிற்று. எம் தந்தையார் விட்டுச்சென்ற அத்தகைய காரொன்று நெடுநாள் கொட்டிலிற் கிடந்தது. அதனைக் கராஜிற்குக் கொண்டுசெல்லக் கூலிக்கு வந்தோர், இரண்டே சில்லுகளையுடைய உழவியந்திரப் பெட்டியில், எஞ்சின் பின்புறம் அமையுமாறு ஏற்றினர். பாரம் அச்சுக்குப் பின்னே விழுந்தமையால், மதகேறும்போது கொளுவியிருந்த ஆணி தெறித்தது. பெட்டியின் முன்புறம் மேலெழுந்தது. கயிறறுந்து கார் வீதியிற் சரிந்தது. எவருக்கும் தீங்கில்லை. தந்தையார் கைபட்டு மெருகேறிய ஸ்ரியறிங் தப்பிற்று, முகப்போ நசுங்கிற்று.

எஞ்சின் முன்னிருந்திருப்பின் பெட்டி நிலைபெற்றிருக்கும். பழம்பொருளைக் காப்பதற்கு அன்பும் வலிமையும் மாத்திரம் போதா; அதன் பாரம் எங்குள்ளதென்னும் அறிவும் வேண்டும். பழம்பெருமை சுமக்கும் கல்லூரியின் மைந்தராகிய நாமும் இதனை உணர்வோமாக.