ஐம்பது கவுன் வரைக்கும்

கிழக்கிந்தியாவின் ஏதாவது ஒரு சிறு நகரத்துத் துணிக்கடையில் குழந்தைக்குக் கவுன் எடுத்துப் பாருங்கள். மார்பில் ஒரு மயிலோ கொடியோ பூவேலையாக இருக்கும். அது கொல்கத்தாவில், கார்டன் ரீச்சை ஒட்டிய மெட்டியாபுருஸ் சந்துகளில் தைத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. துணி வெட்டியவர், தைத்தவர், காஜா எடுத்தவர், மூட்டை கட்டியவர் என்று அந்தக் கவுனுக்குப் பின்னால் ஓர் ஊரே நிற்கிறது. அந்த மயிலை முதலில் தாளில் வரைந்தவர் யார்? பத்திரிகை ஓவியர்களைப் பற்றிப் பல வருடமாக எழுதிவருகிறவள் நான். அந்த ஆளைப் பார்க்கத்தான் போனேன்.

கிதிர்பூரைத் தாண்டியதும் சாலையின் ஒரு பக்கம் முழுக்கத் துறைமுகச் சுவர். 1884-இல் பட்டறையாகத் தொடங்கி 1960-இல் அரசின் கைக்கு வந்த கார்டன் ரீச் கப்பல் தளத்தில் போர்க்கப்பல் கட்டுகிறார்கள். அதையும் கடந்தால் சந்துகள் ஒடுங்கிவிடும். வேன் ரிக்‌ஷாவில் துணிப் பொதி, வீட்டுக்கு வீடு தரைத்தளத்தில் தையல் மெஷின் சத்தம். அவத் நாட்டை ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட 1856-இல் நவாப் வாஜித் அலி ஷா இங்கே வந்து சேர்ந்தார். 1887-இல் இறக்கும்வரை இந்தக் கரைதான் அவருக்கு லக்னோ. நவாபோடு வந்த தையற்காரர்களால்தான் இந்தத் தொழிலே இங்கு வந்தது என்று யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். துணியை வாங்கி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, முடிந்த உடுப்பை விற்கிறவர் ஓஸ்தாகர். வாரக் கடைசியில் கூடும் ஹாட்தான் அவருடைய சந்தை. ஹாட்டுக்கு ஹாட் புதிதாக ஏதாவது தொங்கவிட வேண்டும். அந்தப் புதுசு நான் தேடிப்போனவரின் மேஜையிலிருந்து வருகிறது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மாதச் சம்பளம் கிடையாது. எந்த ஓஸ்தாகர் கூப்பிட்டாலும் வரைந்து கொடுப்பார், எண்ணிக்கைக்குக் காசு. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். “பேர் வந்தா எனக்கு வேலை கொடுக்கறவங்க தப்பா எடுத்துப்பாங்க தீதி, நான் ஏதோ குறை சொல்லியிருக்கேன்னு நினைப்பாங்க.” அதனால் நான் கூப்பிட்டபடியே இங்கும் பாய் என்றே எழுதுகிறேன். மாடியில் ஒற்றை அறை. கண்ணாடி போட்ட மேஜைக்கு அடியில் டியூப்லைட், பக்கத்தில் கம்ப்யூட்டர், சுவரோரம் சுருட்டிக் கட்டிய டிரேசிங் தாள்கள் ஆள் உயரத்துக்கு.

இந்த சீசனில் கைக்கு வந்த வேலைகளை ஒவ்வொன்றாக விரித்தார். ஈத்துக்குப் பெண்குழந்தைகளின் கவுன்: எதிரெதிரே இரண்டு கிளிகள். துர்கா பூஜைக்கு ஆண்களின் பஞ்சாபி குர்தா: கழுத்துப் பட்டியில் தாக் மேளமும் காஷ் என்ற நாணல் பூவும். ஓஸ்தாகர்கள் ஃபோனில் ஏதாவது படத்தை அனுப்பி, இதே மாதிரி வேண்டும், ஆனால் இதுவாக இருக்கக் கூடாது என்பார்களாம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாயின் பிழைப்பு.

அவருக்குப் பிடித்த வேலை வேறு. கறுப்பு புர்காவின் கைப்பட்டியில் கறுப்பு நூலாலேயே ஒரு கொடி. நிறம் இல்லை, ஜரிகை இல்லை. நான் முதலில் எதையும் பார்க்கவில்லை. துணியை ஜன்னல் பக்கம் சாய்த்ததும் இலைகள் எழுந்து வந்தன. ஓர் இலையின் நூல் குறுக்காகவும் அடுத்ததன் நூல் நெடுக்காகவும் ஓடுவதால் வெளிச்சம் ஒன்றில் பட்டு மற்றதில் படாமல் போகிறது. உருவம் முழுவதையும் நூலின் திசையை வைத்தே காட்டியிருக்கிறார். ஓவியர் சில்பியின் கோயில் சித்திரங்களில் பேனாக் கோடுகளின் திசையே கல்லின் வளைவைக் காட்டும். அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணோடு சொல்கிறேன், இது அந்த வரிசையில் வைக்க வேண்டிய வேலை.

கல்யாண லெஹங்கா மாதிரி கைஜரி வேலைக்குத்தான் இப்போது பழைய முறை மிஞ்சியிருக்கிறது. டிரேசிங் தாளில் கழுத்தின் ஒரு பாதியை மட்டும் பாய் வரைகிறார். தாளை மடித்து, கோட்டின் மேல் ஊசியால் குத்திக்கொண்டே போனால் மறுபாதியும் சேர்ந்து கிடைத்துவிடும். இதற்குக் காக்கா என்று பெயர். குத்துவது பாயின் மனைவியும் மூத்த மகளும். வளைவில் புள்ளிகள் நெருக்கமாக விழ வேண்டும், நேர்கோட்டில் தள்ளித் தள்ளி விழுந்தால் போதும். பின்பக்கம் மேடிட்ட ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் துளை திறந்துகொள்கிறது. பிறகு மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்து, துணிப்பந்தால் ஒற்றினால், விறைப்பாகக் கட்டிய துணிமேல் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்குகிறது. வெளிர் துணியானால் நீலப்பொடி. மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், கறை தங்காது. நம்மூர் ஆரி வேலைக்காரர்களுக்கு இது தெரிந்த வேலைதான். முகலாயச் சிற்றோவியர்கள் கரித்தூள் வைத்து இப்படித்தான் படத்தைப் பிரதி எடுத்தார்கள். சோழமண்டலக் கரையில் கலம்காரித் துணிக்கும் இதே முறைதான்.

மகள் குத்திய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கொடியின் நுனிச் சுருளில், அரை அங்குலத்துக்குள், கோடு எங்கும் கிழியாமல் புள்ளிகள் விழுந்திருந்தன. அந்தப் பெண்ணுக்குத் தனிக்கூலி இல்லை, அப்பாவின் காசிலேயே அடக்கம்.

மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி. வரைந்த படத்தைத் தையல் தையலாகப் பிரித்து மெஷினுக்குப் புரியும் கோப்பாக மாற்றுவதைப் பஞ்சிங் என்கிறார்கள். பொத்தானைத் தட்டினால் ஆகிற காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. திரையில் வட்டமாக வரைந்தால் துணியில் வட்டம் வராது. நூல் இழுக்கிற பக்கம் துணி சுருங்கும். எனவே அந்தப் பக்கம் கொஞ்சம் அகட்டி, முட்டை வடிவில் வரைய வேண்டும், துணியில் அது வட்டமாகிவிடும். எந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்பது பாயின் விரலுக்குத் தெரியும். இலை இன்னொரு சிக்கல். பளபளப்பான சாட்டின் தையல் ஓர் அளவுக்கு மேல் நீண்டால் தொங்கி, வளையலில் மாட்டும். அதனால் அகன்ற இலையை நடு நரம்பில் இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் சாய்வாக நூலை ஓட்டுகிறார்.

கூலி ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று. இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. கைதேர்ந்தவர் குறைந்த தையலில் நிறைந்த உருவத்தைக் கொண்டுவருவார். மெஷின் நேரமும் நூலும் மிச்சம், லாபம் ஓஸ்தாகருக்கு. வரைந்தவருக்கோ கூலி குறைகிறது. நன்றாகச் செய்யச் செய்யச் சம்பாத்தியம் இறங்குகிற கணக்கு. பாய் இதைப் புகாராகச் சொல்லவில்லை, நான் கேட்டபோது தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறவில்லை.

யாரைப் பார்த்துக் கற்றீர்கள் என்று கேட்டேன். முதலில் அப்பா, ஜரிகைத் தொழிலாளி. பிறகு, 1864-இல் நவாப் கட்டிய சிப்தைனாபாத் இமாம்பாரா. நவாபின் கல்லறையும் அதற்குள்தான். வாசலில் அவத் அரசின் சின்னம், இரண்டு மச்சக்கன்னிகளோடு. சிறுவயதில் முஹர்ரம் நாட்களில் அங்கே உட்கார்ந்து அந்த வாலின் வளைவையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவருடைய மயில்களின் தோகை ஏன் ஓர் அலையாகத் திரும்புகிறது என்பது அதற்குப் பிறகு எனக்குப் புரிந்தது. இப்போது ஃபோனில் வரும் படங்கள், டிவி சீரியல் உடைகள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. இன்னொன்றையும் சொன்னார்: நதிக்கு அக்கரையிலிருக்கும் தோட்டம். பையனாக இருந்தபோது படகில் போய் இலைகளைப் பொறுக்கி வந்து நோட்டுக்குள் அழுத்தி வைப்பார்.

அக்கரைத் தோட்டம் என்றால் ஷிப்பூர் தாவரவியல் பூங்கா. ராபர்ட் கிட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1787-இல் தொடங்கியது. இன்று ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் இருக்கிறது. 1793-இல் பொறுப்புக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பரோ, அதற்கு முன் ஆந்திரக் கரையில் சாமல்கோட்டில் இருந்தபோதே உள்ளூர் ஓவியர்களை வைத்துச் செடிகளை வரையவைத்தவர். அவர் காலத்தில் சேர்ந்த வண்ணப் படங்கள் 2,500-க்கும் மேல். ஒரு தொகுதி இங்கேயும் இன்னொன்று லண்டன் கியூ தோட்டத்திலும் இருக்கின்றன. செடியின் பெயர் தெரிகிறது, வரையச் சொன்னவர் பெயர் தெரிகிறது. வரைந்தவர்கள் யாரென்று பெரும்பாலும் தெரியாது.

அந்தக் காலத்து வழக்கமே அதுதான் என்று சொல்லிவிட முடியாது. 1777 முதல் 1782 வரை கல்கத்தாவில் பறவைகளையும் விலங்குகளையும் வரையவைத்த மேரி இம்பேயிடம் வேலைபார்த்த ஷேக் ஜைனுத்தீனின் பெயர், பாட்னாக்காரர் என்ற குறிப்போடு படத்திலேயே பாரசீக எழுத்தில் இருக்கிறது. ஷிப்பூர் பூங்காவுக்குப் பின்னாளில் தலைவரான வாலிக், 1830-க்கும் 1832-க்கும் இடையில் அச்சிட்ட பெரிய நூலில் விஷ்ணுபிரசாத், கோராசாந்த் என்று ஓவியர்களின் பெயரைப் போட்டார். நம் பக்கம் ராபர்ட் வைட் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தியச் செடிகளை 1838 முதல் 1853 வரை 2,101 படத்தகடுகளாக அவர் வெளியிட்டபோது வரைந்து கொடுத்தவர்கள் ரங்கய்யாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். இன்று அது ட்ரோபிடியாவுக்குள் அடங்கிவிட்டது, ஆனாலும் தாவரவியல் ஏடுகளிலிருந்து ஓவியரின் பெயரை யாரும் எடுத்துவிட முடியாது. ஆக, மனம் வைத்தால் 200 வருடத்துக்கு முன்பே முடிந்திருக்கிறது. 2019-இல் லண்டன் வாலஸ் கலைக்கூடத்தில் கம்பெனி ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தபோது, ஓவியர்களை முன்னே நிறுத்தினார்கள்.

பாயின் கோப்பிலும் பெயருக்கு இடம் இருக்கிறது. எம்ப்ராய்டரி மெஷின் படிக்கும் டி.எஸ்.டி. கோப்பின் தொடக்கத்தில் பதினாறு எழுத்து அளவுக்கு ஒரு கட்டம். அதில் ஓஸ்தாகரின் கடைக் குறியும் எண்ணும் போகின்றன. ஹாட்டில் ஒரு வடிவம் நன்றாக விற்றால், அடுத்த வாரமே யாராவது உடுப்பை வாங்கிப் பிரித்துப் பார்த்து அதேபோல் பஞ்சிங் செய்துவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதித்தவரோ இயந்திர முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், அதன் பதிப்புரிமை அற்றுப்போகும். இங்கே மெஷினுக்கு இருபது தலை. ஒரே நேரத்தில் இருபது கவுனில் பூ விழும். இரண்டு ஓட்டத்தில் நாற்பது, மூன்றாவதில் அறுபது. காலையில் வரைந்து கொடுத்த மயில்மேல் அவருக்கிருந்த உரிமை அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துபோகலாம்.

பதிவு செய்தால் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம் பாதுகாப்பு. நாட்டின் வடிவமைப்புப் பதிவுகளைக் கவனிக்கும் அலுவலகம் இதே கொல்கத்தாவில், சால்ட் லேக்கில்தான் இருக்கிறது. தனியாள் விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். கேட்டதும் பாய் விரல்விட்டு எண்ணினார். வாரம் ஏழெட்டுப் படம், அதில் எது ஓடும் என்று ஹாட் கூடும்வரை தெரியாது. ஓடிய பிறகு போனால், ஏற்கெனவே வெளியான வடிவம் என்று தள்ளிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் கட்ட யாரிடம் காசு? துணியில் விழும் ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் முழுக்க உரிமை கொடுத்தால் தொழில் நடக்காது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத வடிவத்துக்கும் வெளியான நாளிலிருந்து மூன்று வருடப் பாதுகாப்பு உண்டு. மெட்டியாபுருஸுக்கு அவ்வளவு கூட வேண்டாம். ஓர் ஈத்தும் ஒரு பூஜையும் தாண்டினால் போதும்.

கோவிந்துவின் கதையைச் சொன்னபோது பாய் அந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்றார். வைட்டின் பழைய தகட்டை ஃபோனில் எடுத்துக் காட்டினேன். பெயர் வைத்த கதையை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு படத்தைப் பெரிதாக்கி இலைக்குப் போனார். “இதுல நடுவுல ஒரே நரம்பு இல்ல தீதி, நீளவாக்குல நிறைய ஓடுது. ரெண்டாப் பிளந்தா தப்பாயிடும். நரம்புக்கு நரம்பு பட்டை பட்டையா சாட்டின் ஓட்டணும்.” பூ ரொம்பச் சிறிது, அதற்குச் சாட்டின் ஆகாது, ஒற்றை ஓட்டம்தான் என்றார். பென்சிலை எடுத்து உறை ஒன்றின் பின்பக்கம் இலையை ஐந்து பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நூல் போகும் திசைக்கு ஓர் அம்பு போட்டார். குழந்தைக் கவுனுக்கு இது தாங்காது, தையல் ஏறிப்போகும், ஓஸ்தாகர் ஒத்துக்கொள்ள மாட்டார். துப்பட்டா ஓரத்துக்கு, கறுப்பு மேல் கறுப்பாக, வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார்.