புங்க எண்ணெயில் ஓடும் பொன்வண்டு

புங்கங்காய் உதிரும் மாதங்களில் எங்கள் இட்டேரியில் நடந்தால் காலடியில் நெற்று நொறுங்கிக்கொண்டே வரும். பொறுக்கிச் சாக்கில் கட்டிச் செக்குக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். எண்ணெய் கரும்பழுப்பாக, கசப்பு வாடையோடு இறங்கும். கட்டுத்தரை விளக்குக்கு அப்பாரு அதைத்தான் ஊற்றுவார். மாட்டுக்குப் புண் வந்தாலும் அதுதான் மருந்து. வாயில் வைக்க முடியாது, ஆனால் நன்றாக எரியும். அந்த ஒரு குணத்தை நம்பி, ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் ஒரு கார் வரையத் தொடங்கினேன்.

1973 முடியும்போது மேற்காசியப் போரால் பெட்ரோல் விலை ஏறியிருந்தது. மாமா தன் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் பட்டறைக்குச் சைக்கிளில் வந்தார். அம்மாவின் தம்பி, பாலிடெக்னிக்கில் படித்தவர். சிங்காநல்லூர்ப் பக்கம் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருந்தார். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-லேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் கோயம்புத்தூர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், இதை நாம் ஏன் செய்யக்கூடாது என்று கேட்பது எங்கள் பக்கம் சாதாரணப் பேச்சு. சின்னப் பையன் கேட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் பழைய பேப்பர் கடையில் மாமாவுக்கு ஓர் அமெரிக்கப் பத்திரிகை கிடைத்தது. அதில் கிரைஸ்லர் கம்பெனியின் டர்பைன் கார். 1963-ல் வெளிவந்தது. இத்தாலியின் டூரின் நகரில் கியா என்ற பட்டறை கையால் உடல் செய்து அனுப்ப, டெட்ராய்ட்டில் எஞ்சின் ஏற்றினார்கள். 50 கார்களை விற்காமல், 203 சாதாரணக் குடும்பங்களுக்கு மும்மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்களாம். எஞ்சினுக்குப் பிஸ்டன் கிடையாது. டீசல், மண்ணெண்ணெய், தாவர எண்ணெய் எதிலும் ஓடும். மெக்சிகோ ஜனாதிபதி லோபஸ் மத்தேயோஸ் டெக்கீலா சாராயம் ஊற்றலாமா என்று கேட்டார், அதிலும் ஓடியது. மாமா வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் போயிற்று. சாராயத்தில் ஓடினால் புங்க எண்ணெயில் ஏன் ஓடாது?

“ஓடுமுங்களா மாமா?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் டீ போடும் பம்ப் ஸ்டவ்வைப் பக்கத்தில் இழுத்தார். பம்ப் அடித்துப் பற்றவைத்தார். நீலத் தீ இரைந்தது. தகரத்தை வெட்டி, இதழ்களை முறுக்கி, நடுவில் ஆணி குத்திய ஒரு சக்கரத்தைக் குறட்டால் பிடித்துத் தீக்கு மேலே காட்டினார். அது சுழல ஆரம்பித்தது.

“பெட்ரோல் எஞ்சின்ல இழுக்கறது, அமுக்கறது, எரிக்கறது, வெளிய தள்ளறது நாலும் ஒரே சிலிண்டர்ல மாத்தி மாத்தி நடக்கும். அதனால நெருப்பு சரியான நேரத்துல வெடிக்கோணும், எண்ணெயும் அதுக்குத் தோதா இருக்கோணும். இதுல நாலுக்கும் தனித்தனி இடம். முன்னாடி ஒரு சக்கரம் காத்தை அமுக்கித் தள்ளும். நடுவுல நெருப்பு அணையாம எரியும். பின்னாடி இருக்கற சக்கரத்தை அந்தச் சூடான காத்து சுத்தும். ஒருக்காப் பத்தவெச்சாப் போதும் கண்ணு. எரியற எதுவும் எண்ணெய்தான்.”

இதைவிடத் தெளிவாக டர்பைனை விளக்கிய யாரையும், பின்னாளில் கல்லூரியில்கூட, நான் சந்திக்கவில்லை. கூடவே ஸ்டவ்வின் நாசிலைக் காட்டினார். மண்ணெண்ணெய் ஊசித்துளை வழியாகப் போவதால் சரி, புங்க எண்ணெய் கெட்டி. பனிபோல் பிரிந்தால்தான் முழுதாக எரியும், இல்லையென்றால் கரி கட்டிக்கொள்ளும். அதனால் என் காரின் முதல் உறுப்பாக எண்ணெய் டேங்க்கிலிருந்து கிளம்பும் குழாயை வரைந்தோம். அது புகைபோக்கியை ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெயைச் சூடாக்கி, இளக்கி, அதன் பிறகுதான் எஞ்சினுக்குள் போனது. கிரைஸ்லர்காரர்கள் வேண்டாம் என்றது ஈயம் கலந்த பெட்ரோலை மட்டும்தான். ஈயம் இதழ்களில் படிந்துவிடும். அந்தக் காலத்தில் பங்க்கில் விற்றதெல்லாம் ஈயப் பெட்ரோல். உலகம் முழுக்கக் கார்கள் குடித்த எண்ணெய்தான் அந்தக் காருக்கு ஆகவில்லை என்பது எனக்கு அளவில்லாத சந்தோஷத்தைத் தந்தது.

உருவம் தீப்பெட்டிக்குள் இருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கொன்றை இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தோம். பச்சையும் பொன்னுமாக மின்னும் அந்த ஓடு, தலையிலிருந்து வால்வரை ஒரே வளைவு. பறக்கும்போது இரண்டு ஓடும் பக்கவாட்டில் விரிந்து உள்ளே இருக்கும் மெல்லிய இறக்கை தெரியும். என் காரின் எஞ்சின் மூடியும் அப்படியே பிளந்து திறந்தது. இரண்டு பேர் உட்காரலாம், இடுப்பு உயரம், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். இன்று சூப்பர் கார் என்று சொல்லும் வகை. சூடான காற்று பின்னால் வருகிறவர் மேல் படக்கூடாது என்று புகைவாயை மேல்நோக்கித் திருப்பியது அம்மாவின் யோசனை. நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

வேகத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 1967 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்டிய டர்பைன் கார் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிப்போய், 200 சுற்றில் கடைசி மூன்று சுற்று இருக்கும்போது கியர்பெட்டியில் ஒரு பேரிங் உடைந்து நின்றது. மாமா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பேரிங்கைப் பற்றித்தான் வருத்தப்படுவார்.

ஒரு சாயங்காலம் முழுப்படத்தையும் விரித்துப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: “ஏங்கண்ணு, ரயில்வே கேட்டுல நிக்கறப்போ இது எவ்வளவு குடிக்கும்?”

“நிக்கறப்போ எதுக்குங் மாமா குடிக்கோணும்?”

“சக்கரந்தான் நிக்குது. உள்ள நெருப்பு எரிஞ்சுட்டேதான இருக்குது?”

டர்பைன் காரின் முழுப் பிரச்சினையும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. கிரைஸ்லர் எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் ஓடியது, முழு வேகத்தில் 44,000-ஐத் தாண்டியது. ஆகாய விமானம் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போவதால் அதற்குச் சரி. காரோ நின்று, கிளம்பி, மறுபடி நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் உள்ளே இருக்கும் சக்கரங்கள் வேகம் பிடிக்க ஒரு கணம் எடுக்கும். வீணாகும் சூட்டைப் பிடிக்க கிரைஸ்லர் பொறியாளர் ஜார்ஜ் ஹியூப்னரின் குழு, எஞ்சினின் இரு பக்கமும் மெதுவாகச் சுழலும் இரண்டு உருளைகளை வைத்தது. வெளியே போகும் காற்றின் சூட்டை வாங்கி உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் உருளைகள். என்னைப் பொறுத்தவரை அந்தக் காரின் மிக அழகான பாகம் அதுதான், வெண்கல நிற உடலைவிடவும். அப்படியும் ஊருக்குள் ஓடும்போது அதன் பசி அடங்கவில்லை.

மாமாவுக்கு ரயில் நினைவுக்கு வந்தது. டீசல் ரயில் எஞ்சினில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை; ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, சக்கரத்தை மோட்டார் சுற்றுகிறது. மோட்டாருக்கா நம் ஊரில் பஞ்சம்? நாலு சக்கரத்துக்கும் மோட்டார் வரைந்தோம். டர்பைன் சின்னதானது. ஒரே வேகத்தில் ஓடி பேட்டரியை நிரப்பும், நிரம்பியதும் அணைந்துவிடும். கேட்டில் நிற்கும்போது பொன்வண்டு ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது. அதன் பிறகு மாமா பென்சிலை எடுத்துப் பேட்டரியின் எடையைக் கணக்குப் போட்டார். ஈய பேட்டரி கிலோவுக்கு 30 வாட்-மணி அளவுதான் தாங்கும். நூறு கிலோமீட்டர் போவதற்கே அரை டன் ஈயம் வேண்டும். “வண்டு பறக்காது கண்ணு. நல்ல பேட்டரி வரட்டும்” என்று நோட்டை மூடிக் கொடுத்தார்.

கிரைஸ்லரின் சோதனை 1966-லேயே முடிந்து, செய்த 55 கார்களில் ஒன்பதைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. ஓடுகிற நிலையில் இருந்த கார்கள். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

2010 பாரிஸ் கண்காட்சியில் ஜாகுவார் தன் 75-ஆம் ஆண்டுக்காக சி-எக்ஸ்75 என்ற காரை வைத்தது. இருக்கைக்குப் பின்னால் இரண்டு குட்டி டர்பைன்கள், ஒவ்வொன்றும் 70 கிலோவாட். நிமிடத்துக்கு 80,000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடி லித்தியம் பேட்டரியை நிரப்பும். சக்கரத்துக்கு ஒரு மோட்டார். பேட்டரியில் மட்டுமே 110 கிலோமீட்டர். தாவர எரிபொருளிலும் ஓடும் என்றார்கள். ஜாகுவார் 2008-லேயே டாடா கைக்கு வந்திருந்ததால் அதை இந்தியக் கார் என்றே நினைத்துக்கொண்டேன். படத்தை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அடுத்துச் செய்த சோதனைக் கார்களில் டர்பைனை எடுத்துவிட்டு 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்ததும், 2012-ல் திட்டத்தையே கைவிட்டதும் பிறகு நடந்தவை. டர்பைனோடு பத்துக் கார்களாவது சாலைக்கு வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மாமா கேட்டது ஒன்றுதான்: “புங்க எண்ணெய் ஊத்தலாமா?”

“அப்படியே ஊத்த முடியாதுங் மாமா. மெத்தனால் சேர்த்துக் கிளிசரினைப் பிரிச்சு எடுத்தா இளகிப் போயிரும். பயோ டீசல்ங்கறாங்க.”

“மெத்தனால் செலவு எதுக்கு? புகைபோக்கியில ஒரு சுத்துக் குழாய் விட்டா இளகாதா?”

சூடாக்கினால் இளகும், ஆனால் எஞ்சினைக் கிளப்பும்போது புகைபோக்கி குளிர்ந்திருக்குமே என்றேன். கிளப்புவதற்கு மட்டும் மண்ணெண்ணெய்க்கு ஒரு சின்ன டேங்க் வைத்துக்கொள்ளலாம் என்றார். அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அத்தை சாப்பிடக் கூப்பிடும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.